ஆம்ப்ரோஸுக்குக் கிடைத்த இடம்

லண்டனில் பாராளுமன்றத்தார் வரும் தேவாலயத்தை இருபது வருடமாகப் பெருக்குகிறவள் டாம்சின். பாராளுமன்றத்துக்கும் மன்னருக்கும் சண்டை மூண்டதிலிருந்து அவளுக்கு ஓய்வே இல்லை. பாராளுமன்றப் படை எங்காவது ஜெயித்தால் உடனே நன்றி ஆராதனை. உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்து, கடவுள் தங்கள் பக்கம்தான் என்று மூன்று மணி நேரம் கேட்டுவிட்டுப் போவார்கள். அது கேட்கக் கசக்குமா என்ன?

அந்த ஜூன் மாத வெற்றியில் அவளுடைய ஒரே மகன் ஆம்ப்ரோஸ் செத்துப்போனான். மன்னர் படையில் இருந்தவன். பிரிஸ்டலில் தச்சு வேலை பார்க்கிறான் என்று ஊரை நம்ப வைத்திருந்தாள். எந்தக் குழியில் போட்டார்களோ தெரியாது. அவன் பெயரைக் கோயிலில் ஒரு தடவையாவது சொல்லிவிட்டால் போதும், அவளுக்கு வேறெதுவும் வேண்டாம்.

இறந்தவருக்காக ஜெபிப்பது அங்கே பாவம். துக்கப்படுகிறவருக்காக ஜெபிக்கலாம்; சீட்டு எழுதிக் கொடுத்தால் போதகர் வாசிப்பார். மகன் ஆம்ப்ரோஸைப் போரில் பறிகொடுத்த தாய்க்கு ஆறுதல் வேண்டும் என்று ஒருவரிடம் எழுதி வாங்கி, மற்றச் சீட்டுகளோடு போதகர் தார்லியிடம் சேர்த்தாள். எந்தப் பக்கம் என்று எழுதவில்லை.

வெற்றி நாளில் அவர் வேறெப்படி நினைப்பார்? சீட்டை வாசித்ததோடு விடாமல், பிரசங்கத்திலும் ஆம்ப்ரோஸை இழுத்து, ஆண்டவருக்காக ரத்தம் சிந்திய பிள்ளை என்று புகழ்ந்தார். உறுப்பினர்கள் தலை குனிந்தார்கள். தூணுக்குப் பின்னால் டாம்சின் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஆராதனை முடிந்ததும் தார்லி அவளைக் கூப்பிட்டார். "அந்தச் சீட்டு யாரோடதும்மா? பாராளுமன்றத்துல சொல்லி ஏதாவது உதவி வாங்கித் தரலாம்."

பொய் சொல்லியிருக்கலாம். மகன் விஷயத்தில் இன்னொரு பொய் அவளுக்கு வரவில்லை.

"என்னோடதுதான் ஐயா. அவன் ராஜா பக்கம்."

அவர் முகம் வெளுத்தது. "யார்கிட்டயும் சொல்லாத" என்று மட்டும் சொன்னார். நல்ல மனிதர்தான், காட்டிக்கொடுக்கவில்லை.

வழக்கம்போல் பிரசங்கத்தை அச்சிடப் பாராளுமன்றம் உத்தரவிட்டது. புத்தகம் வந்த அன்றே டாம்சின் கடைக்கு ஓடினாள். படிக்கத் தெரியாதவள்; கடைக்காரனைப் படிக்கச் சொன்னாள். ரத்தம் சிந்திய பிள்ளை இல்லை. ஆம்ப்ரோஸ் என்ற பெயரே இல்லை. எண்ணூறு எதிரிகளை வயல் எருவாக விழச் செய்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று மட்டும் இருந்தது. அந்தப் புத்தகத்தில் அவள் மகனுக்கு அதுதான் இடம்.

"அந்த எண்ணூறு பேர் வர்ற எடத்த இன்னொரு தடவ படிங்கய்யா" என்றாள்.

வெற்றியை ரசிக்கிறாள் என்று நினைத்து, அவன் குரலை உயர்த்திப் படித்தான்.