தோட்டத்தில் திறக்காத தேவாவின் படம்

தேவா போய்விட்டான் என்று அவன் தங்கை மாலா அழைத்துச் சொன்னபோது நான் கடையில் பார்சல் கட்டிக்கொண்டிருந்தேன். "நெஞ்சு வலின்னு உக்காந்தாருண்ணே, அவ்ளோதான்" என்றாள். அன்று காலையில்தான் எங்கள் முதலாளி சாந்தி அக்காவோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தான். எதற்கு என்று அவனை அறிந்த உங்களுக்குத் தெரியும்: கடையின் இணைய முகப்புக்காகத்தான்.

குருண் ஊரில் இருக்கும் எங்கள் சேலைக் கடைக்கு இணையக் கடையைக் கட்டியவன் அவன். அதைத் திறந்தால் முதலில் குத்துவிளக்கு எரியும், நாதஸ்வரம் ஒலிக்கும், பூ கொட்டும். சேலை அதற்குப் பிறகுதான். "மங்களகரமா இருக்கணும்லா" என்பார் அக்கா. "வாங்க வர்றவங்கள வாசல்லயே நிக்க வச்சு மேளம் அடிக்கிறோம்கா, அவங்க போயிடுறாங்க" என்பான் தேவா. மணிக்கணக்கில் வாதாடிவிட்டு, கடைசியில் "சரிக்கா" என்று அக்கா கேட்டதையே போட்டுவிடுவான். அவனிடம் எனக்குப் பிடிக்காத ஒரே சொல் அதுதான்.

ஒருமுறை பண்டார் பாரு பக்கம் மாலா இருக்கும் தோட்டத்துக்கு என்னைக் காடியில் ஏற்றி ஓட்டிப்போனான். செம்பனை மரங்களுக்கு நடுவே இணைய லைன் வருவதும் போவதுமாக இருந்தது. மாலாவின் கைப்பேசியில் எங்கள் கடையைத் திறந்தோம். பாதி விளக்கு வந்து நின்றது. "உங்க சேலையப் பாக்கறதுக்குள்ள சோறே வெந்துரும்ணே. நான் வேற கடையில வாங்கிட்டேன்லா" என்றாள் அவள். தேவா என்னைப் பார்த்து, "கடை வைஃபைல பாத்துட்டு நல்லா ஓடுதுன்னு சொல்லாத. இங்க வந்து பாத்துட்டுச் சொல்லு" என்றான். திரும்பி வந்து, சரிகை மங்காமல் ஒவ்வொரு படத்தையும் சுருக்கினான். விளக்கையும் மேளத்தையும் எடுத்தான். தோட்டங்களிலிருந்து ஆர்டர் வரத் தொடங்கியது. அக்கா சந்தோஷத்தில் ஒரு வீடியோவைக் கொடுத்து முகப்பில் போடச் சொன்னார். அவனும் போட்டான்.

அவன் இறந்த பிறகு அதே முகப்பில் அக்கா அஞ்சலி வைத்தார். ஆளுயரப் படம், ஆடும் தீபம், உதிரும் பூ, சோக இசை. "நமக்கு எவ்ளோ செஞ்சான் தம்பி, பெருசா போடணும்லா" என்று அழுதார். அந்த அழுகை உண்மையானது, அதனால் தேவாவின் வேலை கைக்கு வந்திருந்த நான் அவர் கேட்டபடியே ஏற்றினேன்.

கருமாதியன்று மாலா தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். நெற்றியும் ஒரு புருவமும் வந்து நின்றிருந்தன. "அண்ணன் முகம் வரமாட்டேங்குதுண்ணே" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்ல? அங்கேயே அக்காவை அழைத்து, மாலாவிடம் கொடுத்துப் பேசச் சொன்னேன். மாலா அதையே அக்காவிடமும் சொன்னாள். பிறகு, "எல்லாத்தையும் எடுத்துரச் சொல்லுமா. அவன் மூஞ்சி மட்டும் வரட்டும்" என்றார்.

இப்போது தேவா தோட்டத்திலும் உடனே வருகிறான். இதை அக்கா அவன் இருக்கும்போதே கேட்டிருந்தால் என்ன?

நேற்று அக்கா, தீபாவளிக்கு முகப்பில் ஒரே ஒரு விளக்கு வைக்கலாமா என்று கேட்டார். "முடியாதுக்கா" என்றேன். எதை ஏற்றினாலும் தோட்டத்துக்குப் போய்த் திறந்து பார்க்கும் அவன் பழக்கத்தை நான் வைத்துக்கொண்டேன். அந்த "சரிக்கா"வை மட்டும் அவனோடு அனுப்பிவிட்டேன்.