ஹைஃபாவுக்குப் போன நாணயம்

எங்கள் சந்தையில் புதினாவும் கொத்தமல்லியும் விற்கும் நத்ராவுக்குப் பயம் கூடவே பிறந்தது. சந்துக்குள் மோட்டார் சைக்கிள் படபடத்தாலே கையிலுள்ள புதினாக் கட்டைக் கீழே போட்டுவிட்டு, வேதத்திலுள்ள சங்கீதத் துதிகளைச் சொல்லத் தொடங்குவாள். ஜெருசலேமைத் தாண்டியதே இல்லை. அவளுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை என்றார்கள். இடம் கிடைத்ததோ தொலைவில் ஹைஃபா நகர மருத்துவமனையில்.

பயணம் போகிறவர் கையில் ஒரு நாணயம் கொடுத்து, போய்ச் சேரும் ஊரில் ஏழைக்குப் போடச் சொல்வது எங்கள் வழக்கம். தர்மத்துக்குத் தூது போகிறவருக்குத் தீங்கு வராது என்பது பெரியோர் வாக்கு. நான் கொடுத்த நாணயத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். துணைக்கு நானும் பஸ் ஏறினேன்.

"உன் பயத்துக்குத் தனியா ஒரு டிக்கெட் எடுக்கணும்டி" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மருத்துவமனை வாசலில் ஒரு கால் இல்லாத மனிதர் தகரக் குவளையைக் குலுக்கினார். நத்ரா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லி அறியாதவள். ஏன் என்று கேட்டேன்.

"குடுத்துட்டா தூது முடிஞ்சிடும், ஸில்பா. நாளைக்குக் கத்தி வைக்கும்போது எனக்கு யாரு காவல்?"

கட்டிலில் முடிச்சைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். மாலையில் திடீரென்று எழுந்தாள்.

"ஏழையோட காசைப் பிடிச்சு வச்சுக்கிட்டு அங்க போய்ப் படுக்கிறதா? அது இன்னும் பயமா இருக்குடி."

கீழே போனோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு போட்டதில் நாணயம் குவளைக்கு வெளியே விழுந்தது. என்னம்மா என்று அந்த மனிதர் விசாரிக்க, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் குவளைக்குள் துழாவி வேறொரு நாணயத்தை எடுத்தார்.

"தர்மம் வாங்குறவனும் தர்மம் பண்ணணும்மா, எனக்கும் அந்த விதிதான். இதை உங்க சந்தையில யாருக்காவது போட்டுடுங்க. ஊருக்குத் திரும்பினதும்."

மறுநாள் காலை தள்ளுவண்டியில் அவளைப் படுக்க வைத்தார்கள். நாணயத்தை நான் வாங்கி வைக்கிறேன் என்றேன். கையை இறுக்கிக்கொண்டாள்.

"உங்கிட்ட குடுத்தா நீதான் தூது."

கடைசியில் நர்ஸ்தான் விரல்களைப் பிரித்து எடுத்து, பெயர் எழுதிய பையில் போட்டு அவள் கண்ணெதிரே அந்த வண்டியிலேயே கட்டினாள். "பத்திரம் கண்ணு. அது என்னோடது இல்ல, கொண்டுபோய்ச் சேர்க்கணும்" என்று நத்ரா சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆபரேஷன் அறைக் கதவு மூடியது. அன்று முழுக்க நான் சங்கீதம் சொன்னேன்.

அவள் நலமாக ஊர் திரும்பி அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள், எங்கள் சந்தை மீன் கடை ஓரத்தில் உட்காரும் குருடருக்கு. போட்ட கையோடு என்னிடம் வந்து நின்றாள். தெருமுனை ரொட்டிக் கடைவரை போக வேண்டுமாம். தூது போக ஒரு நாணயம் கொடு என்றாள்.