மண்புழுவோடு வந்தவர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஒரு ரோஜாத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். மயிலாப்பூரில் வீட்டுக்காரர் மாடியேறினால் காரணம் இரண்டுதான் — வாடகையை ஏற்றுவார், அல்லது நம்மை இறக்குவார். தொட்டியோடு வந்தது புதுசு.

மச்சினன் குடும்பத்தோடு வந்து எங்களுடன் மூன்று மாதமாகத் தங்கியிருக்கிறான். அடிபம்பில் தண்ணீர் வற்றிக்கொண்டு வருகிறது. வீட்டுக்காரர் இதுவரை எதுவும் கேட்கவில்லை... கேட்காமலே இருக்க வேண்டுமே! அதற்காகத்தான் அவருடைய ரோஜாவுக்கு நான் மண்புழு விட்டேன். அடையாறில் தோட்டம் வைத்திருக்கும் சுந்தரம் கொடுத்தது. காலேஜில் விலங்கியல் வாத்தியார், என் சிநேகிதன்.

அவர் நீட்டிய தொட்டியின் மண்ணில் வெள்ளையாகப் பொடிப்பொடியாய் ஏதேதோ துள்ளின.

"நீர் விட்டது புழு. இதெல்லாம் யாரு ஓய்?"

விசாரித்துச் சொல்வதாக அடையாறுக்கு பஸ் ஏறினேன். சுந்தரம் சிரித்தான். இந்தப் பொடிப் பூச்சிகள் தாமாக நடந்தால் ஒரு முழம் போகவே யுகமாகுமாம். புழுவின் மேல் ஒட்டிக்கொண்டு போகும். அது தோண்டிய வழியில் நடக்கும். காளான் விதையெல்லாம் அதன் வயிற்றுக்குள் போய், வேறிடத்தில் உயிரோடு இறங்கிவிடுமாம். மண்ணுக்குள் டிக்கெட் கேட்காத டவுன் பஸ்!

திரும்பி வந்து வீட்டுக்காரருக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். வெற்றிலையை மென்றபடி கேட்டார்.

"அதாவது, நாம ஒண்ணைத்தான் உள்ளே விடறோம். அது நாலைக் கூட்டிண்டு வந்துடறது."

"பிரமாதமாப் புரிஞ்சுண்டுட்டேள் ஸார்."

"நானும் உம்மையும் உம்ம ஆத்துக்காரியையும்தானே குடிவெச்சேன்?"

பின்கட்டில் மச்சினன் பம்ப் அடிக்கும் சத்தம் கேட்டது.

யோசித்தால், யார்தான் தனியாக வருகிறார்கள்? மந்திரி வந்தால் பின்னாலேயே மருமகன் வருகிறார். கலியாணப் பத்திரிகை ஒருவருக்கு வைத்தால் பந்தியில் ஒரு தெருவே உட்காருகிறது. ஆனால் இதையெல்லாம் வீட்டுக்காரரிடம் சொல்ல முடியுமா? பூச்சிகளால் கெடுதல் இல்லை, உதிர்ந்த இலையை மக்கவைத்து ரோஜாவுக்குத்தான் உரமாக்குகின்றன என்று மட்டும் அவசரமாகச் சொல்லிவைத்தேன்.

"நல்லது பண்றதுன்னா இருந்துட்டுப் போகட்டும்" என்று தொட்டியைத் தூக்கிக்கொண்டார். படியில் நின்று திரும்பினார். "உம்ம மச்சினனால என்ன நல்லதுன்னு ஒண்ணாந்தேதிக்குள்ள வந்து சொல்லும்."

சுந்தரத்திடம் மறுபடி ஓடினேன். அந்த ஜீவராசியைப் பற்றி விலங்கியலில் பாடமே இல்லையாம்.