கடைசி வாங்கில் ஒரு பாவசங்கீர்த்தனம்

லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவின் மரக்கறிக் கடையில் மாதா படத்தின் முன் எரிந்த மெழுகுதிரியை இன்று யாரோ ஊதி அணைக்க, அந்தப் புகை மணம் என்னை ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துப் பக்கம் முன்பு இருந்து, இப்போது இடிபட்டுப்போன சிறு தேவாலயத்தின் கடைசி வாங்குப் பலகையில் கொண்டுபோய் இருத்தியது.

பூசை முடிந்ததும் அம்மா சுவாமியாரிடம் அரைகுறைப் பிரெஞ்சில் தன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போவார். பக்கத்தில் இருக்கும் இலியானா ஒருநாளும் போனதில்லை. சர்வாதிகாரி ஆண்ட ருமேனியாவிலிருந்து தப்பி வந்தவர். கதவு கிறீச்சிட்டாலே அவர் விரல்களில் செபமாலை நின்றுவிடும். ஏன் போவதில்லை என்று அம்மா என்னைக் கேட்கச் சொன்னார். இலியானா பிரெஞ்சில் கிசுகிசுத்ததை அம்மாவுக்குச் சொன்னேன்.

"அங்கை சுவாமியாருக்குச் சொன்னது பொலிசுக்குப் போயிட்டுதாம். அவவின்ரை தமையனைப் பிடிச்சுக்கொண்டு போட்டினமாம்."

அதன்பிறகு ஞாயிறுதோறும், அணைந்த திரிகளின் புகைக்குள், இலியானா அம்மாவின் காதோடு குனிந்து தன் மொழியில் முணுமுணுப்பார். ஒரு சொல்லும் விளங்காத அம்மா "ஓம், ஓம்" என்று தலையாட்டிக் கேட்டிருந்து, கடைசியில் அவர் நெற்றியில் சிலுவை வரைவார்.

எங்கள் சுவாமியார் பாவம், நல்ல கிழவர். ஆனால் எங்களுக்கு அப்போது விசா கிடைத்திருக்கவில்லை, பயமும் தொற்றக்கூடியதுதானே. அம்மாவும் அவரிடம் போவதை நிறுத்திவிட்டார். ஒரு ஞாயிறு இலியானாவின் காதுப்பக்கம் குனிந்தவர், சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அங்கே தமிழ் விளங்கியவள் நான் ஒருத்திதான்.

"பிள்ளை, நீ வெளியிலை போய் நில்லு."

நான் கதவைச் சாத்தும்வரை அம்மா வாய் திறக்கவில்லை.