பேராச்சி வீட்டு மாடி

ரோட்டோரம் பிளீச்சிங் பவுடர் விழுந்ததும் பேராச்சி மாடிக் கதவின் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். கொடியில் காயும் துணிகளை உருவுவாள், மிளகாய் வற்றலைச் சாக்கோடு கீழே இறக்குவாள், தண்ணீர்த் தொட்டி மூடியின்மேல் கல்லைத் தூக்கி வைப்பாள். ஏதோ பெரிய தலை தென்காசிக்கு வருகிறது என்று அர்த்தம். குத்துக்கல்வலசையில் ரோடு வளைகிற இடத்தில் அவள் வீடு. யார் வந்தாலும் அந்த வளைவில் வண்டி மெதுவாகத்தான் போகவேண்டும். அதனால் கூட்டத்தில் பாதி அவள் மொட்டை மாடிக்குத்தான் வரும்.

வருகிறவர் எவ்வளவு பெரியவர் என்பதற்கு அவளிடம் ஒரு அளவு உண்டு. வாசலுக்கு எதிரே இருக்கும் வேகத்தடைக்கு வெள்ளை அடித்தால் சாதாரண ஆள். பேர்த்தே எடுத்துவிட்டார்கள் என்றால் ரொம்பப் பெரிய ஆள். அவர் வந்துபோன மறுநாள் மேட்டைத் திரும்பப் போடுவார்கள். "மேட்டப் பேத்துட்டானுவ. பெரிய ஆளுதான் வாராவ" என்று பக்கத்து வீட்டுப் பொன்செல்வியிடம் சொல்வாள். எந்தக் கட்சி என்று கேட்கமாட்டாள்.

புருஷன் முத்துகுமரன் பட்டாளத்தில் இருக்கிறான். ஒவ்வொரு லீவுக்கும் வந்து வீட்டில் கொஞ்சம் கட்டுவான். போன லீவில் மாடிக்கு மூன்று பக்கம் கைப்பிடிச் சுவர் எழுந்தது. ரோட்டைப் பார்த்த பக்கம் அடுத்த லீவுக்கு. இப்போதைக்கு அங்கே தூண்களில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளுக்கு நடுவே ஒரு நைலான் கயிறு, அவ்வளவுதான். கூட்டம் முண்டுவதும் அந்தப் பக்கம்தான், வேறெங்கே முண்டும்?

"கதவப் பூட்டிப் போட்டுட்டுப் பேசாம இரேன்" என்று அவன் போனில் கத்துவான்.

"பூட்டுனா செவரேறிக் குதிக்கானுவ. தொறந்துவிட்டாத்தான் நான் சொல்லுதபடி நிப்பானுவ."

எதிர்த்தெருவில் பூட்டிக் கிடந்த வீட்டின் சன்ஷேடில் ஏறி, அது உடைந்து ஒருவன் இடுப்பு ஒடிந்து கிடந்ததைப் பார்த்தவள் அவள். அதிலிருந்து மாடியில் அவள் வைத்ததுதான் சட்டம். செருப்பு கீழே. பிள்ளைக்காரிகள் சுவரோரம். கையில் தென்னங்குச்சி வாரியல். "அண்ணாச்சி, கயித்துக்கு இங்கன நில்லுங்க. ரெண்டாந்தடவ சொல்ல மாட்டேன்." கரைவேட்டிக்காரர்களும் ஓரடி பின்னால் போவார்கள்.

போன ஆவணியில் ஒரு ஜவுளிக்கடை திறக்க ஒரு சினிமா நடிகர் வந்தார். பேராச்சிக்கு அவர் என்றால் உயிர். டிரங்குப் பெட்டி மூடிக்குள் அவர் படத்தை ஒட்டி, அந்தப் பெட்டியோடுதான் கல்யாணமாகி வந்தாள். முத்துகுமரனே சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். நேரில் ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்பது சின்ன வயசு ஆசை. "நம்ம ஆளுக்கு மேட்ட எடுக்க மாட்டானுவளாம்" என்று முதலில் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தாள். எடுக்காததும் நல்லதுக்குத்தான், வாசலில் வண்டி நிதானித்துத்தானே ஏறி இறங்கும். சுங்குடிச் சேலை கட்டி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்து, காலையிலேயே கயிற்றை ஒட்டித் தனக்கு ஓர் இடம் பிடித்துக்கொண்டாள்.

குற்றால சீசன் முடிந்தும் விடாத சாரலில் தளம் பாசி பிடித்து வழுக்கியது. மத்தியானம் மாடி நிறைந்துவிட்டது. வெடிச் சத்தம் கேட்டதும் பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். திறந்த வண்டி வளைவில் தலை காட்டியதும் மொத்தக் கூட்டமும் ரோட்டுப் பக்கம் சாய்ந்தது. கயிறு பேராச்சியின் வயிற்றை அறுத்தது. வண்டியின் முன்விளக்கு மட்டும்தான் அவள் கண்ணில் பட்டது. சட்டென்று ரோட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வாரியலைக் குறுக்கே நீட்டினாள்.

"ஒருத்தரும் அசையப்படாது. உக்காருங்க. முன்னால நிக்கவுக எல்லாரும் அப்படியே உக்காருங்க."

பொன்செல்வியோடு முன்வரிசை உட்கார்ந்தது. பின்னால் நின்றவர்களுக்கும் ரோடு தெரிந்ததால் நெருக்கல் நின்றது. இவள் கண்ணை எடுத்தால் மறுபடி எழுந்துவிடுவார்கள். கீழே மேளமும் விசிலும் வாசலுக்கே வந்துவிட்டன. பேராச்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஏட்டி பொன்செல்வி, என்ன கலரு சட்டை போட்டிருக்காவ?"

"மஞ்சச் சட்டை மதினி. நம்ம மாடியத்தான் பாக்குதாவ. கை காட்டுதாவ. திரும்பிப் பாருங்க மதினி."

பேராச்சி திரும்பவில்லை. எதிரே இருந்தவர்கள்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், வாரியலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பின்பக்கமாக ஆட்டினாள்.