எதிர் நாற்காலியில் உட்கார்ந்து படிப்பவள்

ஹாரன் என்பது அவனுக்கு டிப்போ வைத்த பெயர். பஸ் ஓட்டுகிறவன். வண்டியின் ஹாரன் பழுதானால் மெக்கானிக்கைத் தேட வேண்டாம், இவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினால் போதும் என்று கிண்டலடிப்பார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதுதான் அவன் வேதம். குழாயில் தண்ணீர் வரவில்லையா, தெருவிளக்கு எரியவில்லையா, நேரே போய் நின்று ஒரு கத்துக் கத்துவான், வேலை நடந்துவிடும். அப்பேர்ப்பட்டவனுக்குப் பிறந்த ஒரே மகளுக்குக் காது கேட்காது. அவள் பிறந்த பிறகு, ‘செவிடன் காதில் ஊதின சங்கு’ என்று வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டிருந்தவன் அந்தப் பழமொழியையே விட்டுவிட்டான்.

அவன் மனைவி அவனுக்கு நேர் எதிர். பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் கடிதம் எழுதுவது அவள் உத்தியோகம். பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவள். முதலாளி சொல்லச் சொல்ல அடித்துக் கொடுப்பாள். ஒருநாள் அவர் கோபத்தில் பொரிந்து தள்ளியதையும் அப்படியே அடித்து அனுப்பிவைக்க, பழைய வாடிக்கையாளர் ஒருவர் ஒரேயடியாகக் கையை உதறிவிட்டார். அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. எழுதி முடித்ததும் எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு போய் எதிர் நாற்காலியில் உட்காருவாள். காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி, முன்பின் தெரியாத யாரோ தனக்கு எழுதியதுபோல் படிப்பாள். படித்ததும் தலை சுற்றினால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுவாள்.

ஆபீசில் அவளுக்கும் பட்டப்பெயர் உண்டு. யார் வந்து நீட்டி முழக்கினாலும், கடிதத்தின் தலையில் போடுகிற வார்த்தையைச் சொல்லி, “பொருள் என்ன?” என்று கேட்பாள். அதனால் பொருளம்மா. வீட்டில் ஹாரன் சண்டை பிடித்தாலும் இதே கேள்விதான். கோபத்தில் இருக்கிற மனுஷன் பொருளுக்கு எங்கே போவான்? காகிதத்தைக் கொஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம் தருகிறார்களே என்று அவனுக்கு உள்ளூர ஆச்சரியம்.

மகளுக்கு ஆறு வயது. காதுக் கருவி மாட்டிய பிறகுதான் பேச்சே வந்தது. அப்பா, அம்மா, தண்ணி, பஸ்ஸு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வந்த நேரத்தில் கருவி ஊமையாகிவிட்டது. பழுதுபார்க்கக் கடையில் கொடுத்தார்கள். கடை அதைக் கருவி செய்யும் கம்பெனிக்கு அனுப்பியது. அனுப்பியது அனுப்பியதுதான், கிணற்றில் போட்ட கல். இன்னொன்று வாங்க இவர்களுக்கு வசதியில்லை. நாளாக ஆகக் குழந்தையின் பேச்சு உதிர ஆரம்பித்தது. தண்ணி என்று கேட்டுக்கொண்டிருந்தவள் குடத்தைக் கையால் காட்ட ஆரம்பித்தாள். பேசப் பழக்கும் டீச்சர், இன்னும் தாமதமானால் கற்றதெல்லாம் போய்விடும் என்று சொல்லிவிட்டார்.

“இது என் பொறுப்பு, நீ பேசாம இரு” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனான். கத்தினான். கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். கம்பெனிக்குப் போனான். கடையைக் கேளுங்கள் என்றார்கள். வாசல் காவலாளி உள்ளேயே விடவில்லை. அத்தனை பெரிய தொண்டை அந்தக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் செல்லாக்காசாகிவிட்டது.

ஆத்திரம் தாங்காமல் அவனே உட்கார்ந்து கம்பெனி முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினான். நான்கு பக்கம். கடைக்காரன் திமிர், போனை எடுக்காத பெண், வெயிலில் நிற்கவைத்த காவலாளி, குழந்தையின் கண்ணீர், நீங்களெல்லாம் மனிதர்கள்தானா என்ற கேள்வி, ஒன்று விடவில்லை. பதில் வந்தது. அழகான தாளில், முத்திரையோடு வந்தது.

‘தாங்கள் வெயிலில் நிற்க நேர்ந்தமைக்கு வருந்துகிறோம். வாசலில் தற்போது நாற்காலிகள் போடப்பட்டுள்ளன.’

கருவியைப் பற்றி மூச்சு இல்லை. ஹாரன் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவள் வாங்கிப் படித்தாள். சிரிக்கவில்லை.

“நீங்க கேட்டதுல எது சுலபமோ அதச் செஞ்சிட்டாங்க. அவங்க மேலயும் தப்பில்ல. ஒரு கடிதத்துக்கு ஒரு விஷயம்தாங்க.”

“அப்ப நீயே எழுது” என்றான் அவன். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அவள் உட்கார்ந்தாள். பழுது பார்க்கும் பிரிவுக்குப் பொறுப்பு யார் என்பதை மட்டும் முந்தின நாளே போனில் கேட்டு வைத்திருந்தாள். கடை ரசீதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவருக்கு எழுதினாள். பத்து வரிகூட வரவில்லை. ஹாரன் எட்டிப் பார்த்தான்.

கருவியின் எண். ஒப்படைத்த தேதி. திருப்பித் தருவதாகச் சொன்ன தேதி. ‘இக்கருவியைப் பயன்படுத்துபவர் பேசக் கற்றுக்கொண்டிருக்கும் ஆறு வயதுக் குழந்தை. வரும் வெள்ளிக்கிழமைக்குள் கருவியை அனுப்பிவைக்க வேண்டுகிறோம். இயலாதெனில், பழுது முடியும்வரை மாற்றுக் கருவி ஒன்றைத் தந்து உதவவும்.’

“நம்ம பொண்ணு உனக்குப் ‘பயன்படுத்துபவரா’?” அவனுக்குச் சுருக்கென்றது. “பெத்தவதானே நீ? உனக்குக் கோபமே வரலையா? மனசே இல்லையா உனக்கு?”

அவள் பேனாவை மூடி வைத்தாள். எழுந்து போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து காகிதத்தைத் திருப்பினாள். அவள் முகம் மாறியதை ஹாரன் பார்த்தான். தோள் தளர்ந்தது. மலைபோல் தபால் குவிந்து, மதியச் சாப்பாடும் தள்ளிப்போன யாரோ ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார்.

“எந்தக் கருவி? ஆமா, நம்பர் இருக்கு. எப்பக் குடுத்தாங்க? இருக்கு. நான் என்ன செய்யணும்? ரிப்பேர் எப்ப முடியும்கிறது என் கையில இல்லையே... மாத்துக் கருவி. அது அலமாரியில இருக்குமே. பெரியவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கினா இன்னைக்கே அனுப்பிடலாம்.”

பிறகு நிமிர்ந்தாள். மறுபடி அவன் மனைவியானாள்.

“கோபமா? இருக்கு. தினமும் அவ குடத்தக் காட்டும்போதெல்லாம் இருக்கு. அதக் குடுத்தா அவரு என்ன பண்ணுவாரு பாவம்? எங்க வெப்பாரு? அவரு கையால செய்யக்கூடியது ஒண்ண நாமதான் அவரு கையில குடுக்கணும்.”

ஹாரனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும், இவள் தினம் தினம் என்ன வேலை செய்துவிட்டு வருகிறாள் என்று அவனுக்குத் தெரியாமல் போயிருந்தது. பார்த்திராத மனிதரின் நாற்காலியில் போய் உட்கார்ந்து, அவர் களைப்பையும் தன் களைப்பாக வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறாள். அதுவும் தன் வயிறு எரியும்போது. சாமி வந்தவர்களைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாள் கடிதத்தைத் தானே கொண்டுபோய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தான்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே பார்சல் வந்துவிட்டது. மாற்றுக் கருவியும், கூடவே இரண்டு வரிக் கடிதமும். டீச்சர் வந்து கருவியைச் சரிபார்த்துக் குழந்தையின் காதில் பொருத்தினார். அந்த நேரம் பார்த்து வாசல் குழாயில் தண்ணீர் வந்து குடத்தில் விழுந்தது. குழந்தை விருட்டென்று திரும்பினாள்.

“தண்ணி” என்றாள்.

ஹாரன் வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. அழுதான். மனைவி குழந்தையின் தலையைத் தடவிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே மேசைக்குப் போய்க் காகிதத்தை எடுத்தாள்.

“இப்ப எதுக்கு? அதான் வந்துடுச்சே.”

“கெடச்சதுன்னு எழுதணுங்க. இல்லேன்னா அங்க ஒருத்தர் மேசையில இது முடியாமயே கெடக்கும்.”

எழுதினாள். வழக்கம்போல் எழுந்து போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து படித்தாள். வெகுநேரம் படித்தாள். அப்புறம் பேனாவை எடுத்து, அங்கிருந்தபடியே அடியில் ஒரு வரி சேர்த்தாள். ஹாரன் குனிந்து பார்த்தான்.

‘கருவி கிடைக்கப்பெற்றோம். நன்றி.’ அதற்குக் கீழே புது மையில், ‘எங்கள் மகள் இன்று தண்ணீர் விழும் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.’

“ஒரு கடிதத்துக்கு ஒரு விஷயம்னு சொன்னியே” என்றான் மெதுவாக.

அவள் அந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

“இதுதாங்க அந்த ஒண்ணு.”