ஒழுங்கைக்குள் நுழைந்த மெசின்

இணுவிலில் எங்கள் வீட்டுக் கக்கூஸ் பின்வளவின் கடைசியில் இருக்கிறது. கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிக் கட்டியது. போன மாரியில் என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. அதன் பிறகு அவரைத் தோளில் தாங்கி அங்கே கொண்டுபோய் வருவதே எனக்குப் பெரிய பாடாகிவிட்டது. கட்டிலடியில் சட்டி வைக்கலாம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அறையிலிருந்து பழைய குழிக்குக் குழாய் இழுக்கவும் நிலத்தில் சரிவான வாட்டம் இல்லை. அறையோடு ஒரு கக்கூஸ் கட்டி, பக்கத்திலேயே புதுக் குழி வெட்டுவது என்று முடிவெடுத்தேன்.

குழி வெட்ட பெக்கோ மெசின் வேண்டும். எங்கள் வீட்டுக்கு வரும் ஒழுங்கையோ, இரு பக்கத்தாரும் வருடா வருடம் வேலியைப் பாதைக்குள் அரக்கி அரக்கி, அரக்கிய இடத்திலேயே மதிலும் எழுப்பிவிட்ட ஒடுக்கமான ஒழுங்கை. தையல் டேப்பால் மதிலுக்கு மதில் அளந்து, பலரிடம் விசாரித்து, அந்த அகலத்துக்குள் நுழையக்கூடிய மினி பெக்கோ ஒன்றைப் பிடித்தேன். கெட்டிக்காரிதான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மெசின் எங்கும் உரசாமல் வந்தது. அறைக்குப் பின்னால் ஒரு சாண் மண்ணை வழித்தது. பிறகு கிறீச்சென்று பல் கூசும் சத்தம். ஓட்டி வந்தவர் நிறுத்திவிட்டு இறங்கினார்.

"அக்கா, உது முழுக்கக் கல்லு. உடைக்கிறதெண்டா பெரிய மெசின் வேணும்."

"அது ஒழுங்கைக்குள்ளை வராதே, தம்பி."

"அப்ப கிணத்தடியிலை வெட்டுவம். அங்கை மண் ஆழமாக் கிடக்கு."

கிணற்றடியில் மலக்குழி! அயலில் பாதிப்பேர் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். வேண்டாம் என்றேன்.

பக்கத்து வளவுக்காரரிடம் போனேன். பெரிய மெசின் வர ஒழுங்கை மதிலில் ஒரு துண்டைப் பிரிக்க விடுங்கள், நானே திருப்பிக் கட்டித் தருகிறேன் என்று கெஞ்சினேன். "ஓம், யோசிப்பம்" என்றார். எங்கள் ஊரில் அதற்கு இல்லை என்று அர்த்தம். மதிலைப் பிரித்தால் பழைய எல்லைக்கல் வெளியே தெரிந்துவிடுமே! வயிறெரிய வீட்டுக்கு வந்தேன்.

நுழைகிற மெசின் தோண்டாது, தோண்டுகிற மெசின் நுழையாது. வேறு வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மெசின் திரும்பிப் போன நாளிலிருந்து என் கணவர் சோற்றுக்குப் பக்கத்தில் வைக்கிற தண்ணீரைத் தொடுவதில்லை. உதடு வெடித்துக் கிடக்கிறது. நேற்று மத்தியானம் பொறுக்க முடியாமல், "குடியுங்கோவன்!" என்று கத்திவிட்டேன்.

செம்பை நல்ல கையால் மெல்லத் தள்ளிவைத்தார். "குடிச்சா, பிறகு நீரெல்லோ என்னைப் பின்வளவுக்குத் தூக்கோணும்" என்றார்.